லொறிச் சில்லு நட்டு: பைப்பா, கன்னா, கியர் ஸ்பனரா, டோர்க் ரென்ச்சா?

பெரிய கம்பனிகளுக்கு இந்தக் கேள்வி இல்லை. சொந்த கராஜ் இருக்கும், ஆள் இருக்கும், சாமானும் இருக்கும். ஒரு லொறி, இரண்டு லொறி வைத்துப் பிழைக்கிறவர்களுக்குத்தான் இது பெரிய கேள்வி. சம்மாந்துறையில் நெல் ஏற்றுகிற பழைய ஜப்பான் லொறி, செங்கலடிப் பக்கம் மண் ஏற்றுகிற டிப்பர், வாழைச்சேனையில் இருந்து மீன் கொண்டு போகிற கூலர் லொறி. இவற்றுக்கெல்லாம் சில்லுக் கழற்றிப் பூட்டுவது என்றால் ஒன்று டயர் கடை, இல்லாவிட்டால் வீதியோரத்தில் சாரதியும் கிளீனரும். நட்டு இறுக்க இங்கே கைக்கு எட்டுகிற வழிகள் நான்கு: வீல் ஸ்பனரில் பைப் போட்டு மிதிப்பது, டயர் கடைக் காற்றுக் கன், கைபிடி சுற்றுகிற கியர் ஸ்பனர், அளவு காட்டுகிற டோர்க் ரென்ச்.

என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். கழற்றுவதற்கு முதல் மூன்றில் எதையும் பாவியுங்கள், பிழையில்லை. கடைசி இறுக்கு மட்டும் ‘இவ்வளவு’ என்று அளவு சொல்லக்கூடிய ஒன்றால் முடிய வேண்டும். அந்தச் சாமான் டயர் கடையில் இருப்பதை விட உங்கள் லொறியில் இருப்பதுதான் முக்கியம். ஏன் என்பதற்குத்தான் மீதிக் கதை.

எவ்வளவு இறுக்கினால் காணும்?

இங்கே ஓடுகிற கனரக லொறிகளில் பெரும்பாலும் இரண்டு வகைப் பூட்டு இருக்கிறது. பழைய ஜப்பான் லொறிகளில் ஜேஐஎஸ் முறை, அதாவது ஜப்பானின் சொந்தத் தரமுறை. வெளி நட்டுக்கு 41 மில்லிமீட்டர் சொக்கட், பின் இரட்டைச் சில்லில் உள்ளே இன்னொரு சதுரத் தலை நட்டு. எட்டு ஓட்டை ரிம்முக்கு ஜப்பான்காரர் சொல்லும் அளவு 540 முதல் 590 நியூட்டன் மீட்டர் (முறுக்கை அளக்கிற அலகு) வரை. புதிய லொறிகளில் ஐஎஸ்ஓ முறை, அதாவது சர்வதேசத் தரமுறை. அதில் 33 மில்லிமீட்டர் நட்டு, அதோடு சேர்ந்தே சுழலும் வாஷர், அநேகமாகப் பத்து ஓட்டை. அதற்கு ஜப்பான் அளவு 550 முதல் 600 வரை. அமெரிக்கர்கள் அதே மாதிரி 22 மில்லிமீட்டர் ஸ்டட்டுக்கு (நட்டு ஏறுகிற மரைக் கம்பி) 450 முதல் 500 அடி இறாத்தல் என்கிறார்கள், அதாவது 610 முதல் 680 நியூட்டன் மீட்டர். கன்டர், எல்ஃப் போன்ற சின்ன லொறிகளுக்கும் இந்திய லொறிகளுக்கும் அளவு வேறு. வாகனத்தின் கைநூலில் என்ன இருக்கிறதோ அதுதான் சட்டம். பக்கத்து லொறிக்காரர் சொன்னது அல்ல.

சில்லைத் தாங்குவது ஸ்டட் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ரிம்மின் முகமும் ஹப்பின் (சில்லு பூட்டுகிற அச்சுத் தலை) முகமும் ஒன்றோடு ஒன்று நெருங்கி உரசிப் பிடிக்கிற பிடிதான் பாரத்தைத் தாங்குகிறது. நட்டை இறுக்கும்போது ஸ்டட் மயிரளவு நீளுகிறது. ரப்பர் நாடாவை இழுத்து மாட்டியது போல அது திரும்பச் சுருங்கப் பார்க்கிற விசைதான் இரண்டு முகத்தையும் அமத்திப் பிடிக்கிறது. இறுக்கு குறைந்தால் ரிம் நுணுக்கமாக அசையும். அசைகிற ரிம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஸ்டட்டை வளைத்து நிமிர்த்தும். கடைசியில் ஸ்டட் களைத்து முறியும். இறுக்கு கூடினால் ஸ்டட் நீண்ட நீளத்திலேயே நின்றுவிடும், திரும்பச் சுருங்காது. பார்வைக்கு இறுகித்தான் இருக்கும், பிடி மட்டும் போயிருக்கும்.

இதில் இன்னொரு சங்கதி உண்டு. நாம் நட்டுக்குக் கொடுக்கிற முறுக்கில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் ஸ்டட்டை நீட்டுகிறது. மீதி முழுக்க மரையிலும் நட்டின் இருக்கையிலும் உரசலாகவே போய்விடும். ஆகவே மரையில் துருவும் மணலும் இருந்தால் அதே 580 நியூட்டன் மீட்டர் இறுக்கியும் உள்ளே பிடி பாதிதான் கிடைக்கும். கடற்கரை ஓரம் ஓடுகிற லொறிக்கும், ஆற்றுக்குள் இறங்கி மண் ஏற்றுகிற டிப்பருக்கும் இது நேரே பொருந்தும். எந்தச் சாமானைப் பிடித்தாலும் அதற்கு முன்னால் ஒரு வயர் பிரஷ் பிடிக்க வேண்டும்.

பைப் போட்டு மிதிப்பது

இதைக் கேலி செய்கிறவர்கள் கணக்குப் பார்ப்பதில்லை. ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில், கம்பி நிலத்துக்குச் சமாந்தரமாக இருக்கும்போது, 60 கிலோ எடையுள்ள ஒருவர் அசையாமல் நின்றால் நட்டில் விழுகிற முறுக்கு 588 நியூட்டன் மீட்டர். ஜப்பான் அளவுக்குள் அப்படியே வந்து உட்காருகிறது! நம்முடைய அப்பாமார் காலத்து லொறிகள் டோர்க் ரென்ச்சைக் கண்ணால் காணாமலே ஓடியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் பைப்புக்கு நீளம் நிச்சயமில்லை, ஆளுக்கு எடை நிச்சயமில்லை. 75 கிலோக்காரர் ஒன்றரை மீட்டர் பைப்பில் நின்றால் 1,100 நியூட்டன் மீட்டர் வந்துவிடும், அளவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஐம்பது கிலோக் கிளீனர் தம்பி 70 சென்டிமீட்டர் ஸ்பனரில் ஏறி நின்றால் 340 தான், பாதிக்குச் சற்றுக் கூட. இந்த இரண்டு பேரும் ஒரே லொறியில் வேலை செய்கிறவர்களாக இருக்கலாம். ஒரே சில்லில் நாலு நட்டு அவர், நாலு நட்டு இவர் என்றும் நடக்கும். அப்புறம் துள்ளுவது இருக்கிறதே, அதற்குக் கணக்கே கிடையாது. ‘ஒருக்காத் துள்ளி விடு’ என்று சொன்ன நிமிடத்தில் அளவு கையை விட்டுப் போய்விடுகிறது. கம்பி சரிந்து நின்றாலும் முறுக்குக் குறையும். 45 பாகையில் நின்று மிதித்தால் பத்தில் மூன்று பங்கு வீணாகும்.

இதை ஒழுங்காகச் செய்ய ஒரு வழி உண்டு. 58ஐ உங்கள் எடையால் வகுங்கள். வருவது, நட்டின் நடுவில் இருந்து நீங்கள் நிற்க வேண்டிய தூரம், மீட்டர் கணக்கில். 75 கிலோ என்றால் 77 சென்டிமீட்டர். 65 கிலோ என்றால் 89. பைப்பில் அந்த இடத்தில் வெள்ளைப் பெயின்டால் கோடு போட்டுவிடுங்கள். கம்பி படுக்கையாக வருகிற மாதிரி சொக்கட்டைப் போட்டு, லொறியின் உடம்பைப் பிடித்துக்கொண்டு, கோட்டில் மெதுவாக ஏறி நின்று இறங்க வேண்டும். கையை அழுத்திப் பிடித்தால் எடை குறையும், ஆகவே விழாமல் இருக்க மட்டும் தொட்டுக்கொண்டால் காணும். இது மேலே சொன்ன ஜப்பான் அளவுகளுக்கான கணக்கு. உங்கள் வாகனத்துக்கு வேறு அளவு என்றால் அந்த அளவை 9.8ஆல் வகுத்து, 58க்குப் பதிலாக அந்த எண்ணைப் போடுங்கள்.

இன்னும் நுணுக்கமாக வேண்டுமென்றால், தொங்கவிட்டு நிறுக்கிற டிஜிட்டல் தராசு ஒன்றைப் பைப்பின் நுனியில் கொளுவி, பைப்புக்குச் செங்குத்தாக இழுக்கலாம். ஒன்றரை மீட்டர் தூரத்தில் 38 முதல் 39 கிலோ காட்டினால் அதே அளவுதான். மீன்வாடியில் வேலை செய்கிறவர்களுக்குத் தராசு புதிதல்ல. ஆனால் இரண்டு பேர் வேண்டும், பத்து நட்டுக்குப் பத்துத் தடவை இழுக்க வேண்டும். அவசரத்துக்கு நல்லது, தினசரி வேலைக்கு ஏலாது.

டயர் கடைக் கன்

கல்முனை வீதியோரத்து டயர் கடை எதிலும் நின்று பாருங்கள். வெள்ளாமை வெட்டு முடிந்து நெல் லொறிகள் வரிசையில் நிற்கிற மாசி மாதம். தம்பி கன்னை வைத்து விசையை அழுத்துவான். நட்டு சுழன்று போய் அடிக்கும், ‘டக டக டக’ என்று மூன்று நாலு விநாடி, அடுத்த நட்டு. ஒரு சில்லு முடிய ஒரு நிமிடமும் ஆகாது. ‘அண்ணன், கன் பிடிச்சாச்சு, இனி அசையாது’ என்பான். அவன் பொய் சொல்லவில்லை. எவ்வளவு இறுகியது என்பது அவனுக்கும் தெரியாது, அவ்வளவுதான்.

ஒரு அங்குலத் தலையுள்ள லொறிக் கன்கள் 2,000 நியூட்டன் மீட்டருக்கு மேலும் அடிக்கக்கூடியவை. எவ்வளவு அடிக்கும் என்பதைத் தீர்மானிப்பது கன் மட்டும் அல்ல. கொம்பிரசர் தாங்கியில் காற்று எவ்வளவு, குழாய் எவ்வளவு தடிப்பு, எவ்வளவு நீளம், உள்ளே சுத்தியல் எவ்வளவு தேய்ந்தது, ஒயில் விட்டு எவ்வளவு காலம், தம்பி எத்தனை விநாடி பிடித்தான் எல்லாமே சேரும். தாங்கி நிரம்பிய காலைப் பொழுதில் அளவைத் தாண்டி ஓடும். பக்கத்தில் இன்னொரு டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருக்கும்போது அதே கன், அதே கை, அளவுக்குக் கீழே நிற்கும். சத்தம் இரண்டிலும் ஒன்றுதான். பற்றரியில் ஓடுகிற புதிய கன்களுக்கும் இதே குறைதான். அவற்றின் பெட்டியில் எழுதியிருக்கும் எண் கன்னின் உச்ச பலத்தைச் சொல்கிறது. உங்கள் நட்டில் ஏறிய முறுக்கை அது சொல்லாது.

இப்போது சில கடைகள் கன் பிடித்து முடித்துவிட்டு டோர்க் ரென்ச்சால் ஒரு தட்டுத் தட்டிக் காட்டுகின்றன. ‘கிளிக்’ என்று சத்தம் வந்தால் சரி என்கிறார்கள். வாடிக்கையாளருக்கு மனம் குளிரும். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ரென்ச் 580க்கு வைக்கப்பட்டிருக்கிறது, கன் 1,000 வரை இறுக்கிவிட்டது என்று வையுங்கள். ரென்ச்சை அமத்தியவுடன் நட்டு அசையாமலே கிளிக் வரும். ‘580க்குக் குறையவில்லை’ என்பதைத்தான் அந்த கிளிக் சொல்கிறது. எவ்வளவு கூட என்பதை அது ஒருபோதும் சொல்லாது. ஆகவே கிளிக் வருவதற்கு முன்னால் நட்டு கொஞ்சமாவது நகர வேண்டும். கண்ணால் பாருங்கள், நகராமல் கிளிக் வந்தால் அந்த நட்டைத் தளர்த்தித் திரும்ப இறுக்கச் சொல்லுங்கள். தம்பி முகம் சுளிப்பான். சுளிக்கட்டும்.

கன்னை ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கழற்றுவதற்கும், நட்டை இருக்கை வரை ஓட்டிக் கொண்டு போய் நிறுத்துவதற்கும் அதைப்போல வசதி இல்லை. அதற்கு முன் நட்டைக் கையால் இரண்டு மூன்று சுற்று ஏற்ற வேண்டும். கையால் லேசாக ஓடாத நட்டு ஏற்கெனவே நீண்ட ஸ்டட்டில் உட்காருகிறது, அல்லது மரை கடித்திருக்கிறது. கன் அதை மறைத்துவிடும், கை மறைக்காது.

கியர் ஸ்பனர்

உள்ளே பற்சக்கரம், பக்கத்தில் ஒரு கால், கையால் சுற்றுகிற பிடி. காலைப் பக்கத்து நட்டில் முட்டுக் கொடுத்துவிட்டு சுற்றினால், ஐம்பது அறுபது சுற்றுக்கு நட்டு ஒரு சுற்றுப் போகும். சீனாவில் செய்தது மலிவாகக் கிடைக்கிறது. எடை குறைவு, லொறிச் சீட்டுக்குக் கீழே கிடக்கும். துருப்பிடித்த நட்டைத் தனி ஆளாகக் கழற்ற இதற்கு மிஞ்சியது இல்லை. கரடியனாறு தாண்டி இரவில் டயர் வெடித்தால் இதன் அருமை விளங்கும்.

இறுக்குவதற்கு இது ஆபத்தான சினேகிதன். பைப்பில் மிதிக்கும்போது உடம்புக்காவது பாரம் தெரியும். இதில் சின்னப் பிள்ளை சுற்றினாலும் ஸ்டட்டை முறுக்கி அறுக்கலாம். கைக்கு எதுவும் தெரியாது. நல்ல தரமான, முறுக்கை எத்தனை மடங்காக்கும் என்ற அளவு பொறித்த வகைகள் உண்டு. அவற்றில் ஒரு சின்ன டோர்க் ரென்ச்சைக் கொளுவி, கணக்குப்படி இறுக்கலாம். அவை மலிவுச் சாமான் அல்ல. சந்தையில் கிடைக்கிறவற்றில் எழுதியிருக்கும் விகிதத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள், உள்ளே உரசலில் எவ்வளவு போகிறது என்று எழுதியிருக்காது.

டோர்க் ரென்ச்

கார் கராஜில் இருக்கிற அரை அங்குல ரென்ச் இதற்குக் காணாது. முக்கால் அங்குலம் அல்லது ஒரு அங்குலத் தலை, 800 நியூட்டன் மீட்டர் வரையாவது போகக்கூடியது வேண்டும். நீளம் ஒரு மீட்டருக்கு மேல் வரும். விலையும் கூட. ஒரு லொறிக்காரருக்கு நெஞ்சில் கை வைக்கிற காசுதான். புது டயர் ஒன்று வாங்குகிற நாளில் இதையும் நினைத்துப் பார்த்தால் அவ்வளவு பெரிதாகத் தெரியாது.

நல்ல ரென்ச் நூற்றுக்கு நாலு வீதம் கூடக் குறைய இருக்கும். 580க்கு வைத்தால் 557 முதல் 603 வரை. மேலே பைப்பில் பார்த்த 340, 1,100 என்ற ஊசலாட்டத்தோடு ஒப்பிட்டால் இது தங்கம். இதற்கும் பராமரிப்பு உண்டு. ஆண்டுக்கு ஒரு தடவை அல்லது 5,000 இறுக்குக்கு ஒரு தடவை அளவைச் சரிபார்க்க வேண்டும் என்பது வழக்கமான விதி. ஒரு லொறிக்காரர் 5,000 எண்ணிக்கையை எட்ட மாட்டார், ஆண்டுக் கணக்குத்தான் அவருக்கு. வெளியே அனுப்ப ஏலாத காலத்தில் மேலே சொன்ன எடைக் கணக்கை வைத்தே ஒரு சோதனை செய்யலாம். எடை தெரிந்த மூட்டையை ரென்ச்சின் பிடியில், பிடிக்கிற இடத்தின் நடுவில் தொங்கவிட்டால் எந்த அளவில் கிளிக் வருகிறது என்று தெரிந்துவிடும்.

குறை என்ன? நேரம். இரட்டைச் சில்லு ஒன்றுக்கு இருபது நிமிடம் போகும். வரிசையில் நிற்கிற டயர் கடைக்கு இது நட்டம், ஆகவே கடை கேட்காமல் செய்யாது. உங்கள் லொறியில் நீங்களே செய்கிறபோது அந்த இருபது நிமிடம் உங்களுடையது.

உள் நட்டு என்ற தலைவலி

எந்தச் சாமான் என்ற கேள்வியைப் பழைய ஜப்பான் லொறிக்காரர்களிடம் கேட்டால் வேறு பதில் வரும், அது நியாயமும் கூட. அவர்களுடைய பின் இரட்டைச் சில்லில், உள் சில்லை உள் நட்டும், அதன் மேல் வெளிச் சில்லை வெளி நட்டும் பிடிக்கின்றன. வெளி நட்டை எவ்வளவு வடிவாக இறுக்கினாலும் உள் நட்டு தளர்ந்திருந்தால் உள் சில்லு அசையும். வெளியே இருந்து பார்த்தால் தெரியாது.

கன் பிடிக்கிறவர்களில் பலர் வெளி நட்டை மட்டும் ‘ஒருக்கா அடித்து’ விடுவார்கள். உள் நட்டைச் சோதிக்க வேண்டுமென்றால் வெளி நட்டைத் தளர்த்தித்தான் ஆக வேண்டும். ஒன்று விட்டு ஒன்றாகப் பாதி வெளி நட்டுகளைத் தளர்த்தி, அந்த இடங்களின் உள் நட்டை அளவோடு இறுக்கி, வெளி நட்டைத் திரும்ப இறுக்க வேண்டும். அப்புறம் மற்றப் பாதி. எல்லா வெளி நட்டையும் ஒரேயடியாகத் தளர்த்தினால் வெளிச் சில்லு இடம் மாறி உட்காரும். இந்த வேலைக்கு டோர்க் ரென்ச் இல்லாமல் அளவு பிடிப்பது கஷ்டம். சதுரத் தலைக்கு 21 மில்லிமீட்டர் சொக்கட் வேறு வேண்டும், ரென்ச் வாங்கும்போது அதையும் சேர்த்து வாங்குங்கள்.

இதே லொறிகளில் இடப்பக்கச் சில்லுக்கு இடமரை, அதாவது இடப்பக்கம் சுற்றினால் இறுகும். ஸ்டட்டின் முனையில் இடப்பக்கம் ‘எல்’, வலப்பக்கம் ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்துப் பொறித்திருக்கும். துருவையும் சேற்றையும் துடைத்தால் தெரியும். புதிதாகச் சேர்ந்த தம்பி கன்னைத் தலைகீழாகப் பிடித்தால், கழற்றுகிறேன் என்று நினைத்து இறுக்கிக்கொண்டே இருப்பான். நட்டு வராது, காற்றைக் கூட்டுவான், ஸ்டட் போய்விடும். கன் பிடிக்க முன்பு ‘தம்பி, இது இடமரை’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. ஐஎஸ்ஓ முறையில் இரண்டு பக்கமும் வலமரைதான். ஜப்பானில் 2010 அளவில் இருந்து புதிய கனரக லொறிகள் இந்த முறைக்கு மாறின. இப்போது அங்கே கழன்று விழுகிற சில்லுகளில் பெரும்பங்கு இடது பின்சில்லு என்று அந்நாட்டுப் போக்குவரத்து அமைச்சு திரும்பத் திரும்பச் சொல்கிறது. நம்மைப் போல அவர்களும் இடப்பக்கமாக ஓடுகிறவர்கள். வீதி இடப்பக்கம் சரிந்திருப்பதால் அந்தப் பக்கம் பாரம் கூடுவதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். ஏதாவது ஒரு சில்லைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால், அந்த ஒன்றைப் பாருங்கள்.

ஒயில் விஷயத்திலும் இரண்டு முறைக்கும் வித்தியாசம் உண்டு. ஜப்பான்காரர் ஜேஐஎஸ் முறையில் மரைக்கும் நட்டின் உருண்ட இருக்கைக்கும் மெல்லிசாக எஞ்சின் ஒயில் போடச் சொல்கிறார்கள். ஐஎஸ்ஓ நட்டில் மரைக்கும், நட்டுக்கும் வாஷருக்கும் நடுவிலும் தான். வாஷர் ரிம்மைத் தொடுகிற முகத்தில் ஒயில் படக்கூடாது. ரிம்முக்குப் புதுப் பெயின்ட் அடிக்கிற பழக்கமும் இருக்கிறதே, முகத்தில் தடிப்பாக அடித்தால் ஓடி ஓடி அந்தப் பெயின்ட் நசிந்து இறுக்குக் குறையும். பெயின்டை வெளிப்பக்கத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்ப இறுக்கும் வேலை யாருடையது?

சில்லுப் பூட்டிய பிறகு 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் திரும்ப ஒரு தடவை அளவுக்கு இறுக்க வேண்டும். பெயின்ட், துரு, மணல், நுணுக்கமான மேடு பள்ளம் எல்லாம் ஓட்டத்தில் நசிந்து, ஸ்டட்டின் இழுவை கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். எவ்வளவு வடிவாகப் பூட்டினாலும் இது நடக்கும்.

இதுதான் என் முடிவைத் தீர்மானித்த விஷயம். ஏறாவூர்க் கடையில் சில்லுப் பூட்டி, நெல்லை ஏற்றிக்கொண்டு மகா ஓயாப் பாதையால் கொழும்புக்குப் போகிற லொறி, திரும்ப இறுக்க வேண்டிய நேரத்தில் கடையில் இருக்காது. மட்டக்களப்பில் பூட்டி அக்கரைப்பற்றுக்குப் போனாலும் 50 தாண்டிவிடும். கடைக்காரரிடம் உலகத்திலேயே நல்ல ரென்ச் இருக்கலாம், அது அவருடைய சுவரில் தொங்கும். பாதி வழியில் நிற்கிறவரிடம் பைப்தான் இருக்கும், அல்லது வழியில் இன்னொரு கடைக் கன். கன்னால் திரும்ப இறுக்குவது என்பது அளவு தெரியாததன் மேல் இன்னொரு அளவு தெரியாததை ஏற்றுவது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடிக்கொண்டே போகும்.

திரும்ப இறுக்குகிற இடமும் பார்க்க வேண்டும். மலை இறங்கி பிரேக் பிடித்து டிரம் சூடேறி நிற்கிற நேரத்தில் இறுக்கக்கூடாது. பதுளைப் பக்கத்தில் இருந்து இறங்கி வருகிறவர்கள், தேநீர்க் கடையில் நிறுத்திய உடனே ரென்ச்சைத் தூக்காமல், சில்லு கைச்சூட்டுக்கு ஆறும் வரை விட வேண்டும்.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 1997இல் ஒரு சட்டம் வந்தது. அது வந்தபோது, லொறியில் இருந்து சில்லுக் கழன்றால் காரணம் கேட்பதில்லை, கழன்றதே குற்றமாக இருந்தது. தண்டம் 2,000 முதல் 50,000 டொலர் வரை. ‘கடையில் கன் பிடித்தார்கள்’ என்று சொல்லித் தப்ப அந்தச் சட்டம் அப்போது இடம் வைக்கவில்லை. அங்கே லொறி ஓட்டுகிற நம் ஆட்கள் சில்லு மாற்றியதும் திரும்ப இறுக்குவதை ஏன் அவ்வளவு கறாராகப் பார்க்கிறார்கள் என்பது இப்போது விளங்கும். இங்கே அப்படிச் சட்டம் இல்லாவிட்டாலும், பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் காரைதீவுச் சந்தியில் இரட்டைச் சில்லு ஒன்று தனியாக ஓடினால் என்ன நடக்கும் என்பதை யாரும் எழுதிச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, யாருக்கு எது?

ஒரு லொறி, காசு கையைக் கடிக்கிற நிலை: கோடு போட்ட பைப் உடனே செய்துவிடுங்கள், செலவு பெயின்ட் மட்டும்தான். கியர் ஸ்பனர் கழற்றுவதற்கு. இரண்டு மூன்று லொறிக்காரர்கள் சேர்ந்து ஒரு டோர்க் ரென்ச் வாங்கலாம், ஒரே ஊரில் ஒரே ஆலைக்கு ஓடுகிறவர்களுக்கு இது கஷ்டமில்லை. ஆனால் நீண்ட ஓட்டத்துக்குப் போகிறவரின் லொறியில்தான் அது போக வேண்டும். உள்ளூருக்குள் ஓடுகிறவர் மாலையில் வந்து வாங்கிக்கொள்ளலாம்.

படுவான்கரைப் பக்கம் குளத்து வேலைக்கும் வீதி வேலைக்கும் ஓடுகிற டிப்பர்காரருக்கு நான் கூட்டு வாங்கலைச் சொல்ல மாட்டேன். சேறு, மணல், பள்ளம், மிதமிஞ்சிய பாரம் எல்லாம் அவருடைய நட்டில்தான் வந்து சேரும். அவருக்குச் சொந்த ரென்ச் வேண்டும், கிழமைக்கு ஒரு தடவை சோதனையும் வேண்டும்.

டயர் கடைக்காரர் வாங்குவதானால் கன்னையும் வைத்துக்கொண்டு, காற்று அழுத்தத்தைக் குறைத்து நட்டை இருக்கை வரை மட்டும் ஓட்டி, மீதியை ரென்ச்சால் முடிக்கலாம். சில்லு நிலத்தைத் தொடாத நேரத்தில் எதிரெதிராக லேசாக ஒரு சுற்று, ஜக்கை இறக்கிய பிறகு அதே ஒழுங்கில் முழு அளவு. இதற்குக் கூலியில் கொஞ்சம் கூட்டிக் கேட்டாலும் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

இடையில் பார்வையாலேயே பார்க்க ஒரு வழி வேண்டுமென்றால், இறுக்கி முடித்ததும் நட்டில் இருந்து ரிம் வரை ஒரு கோடு பெயின்ட் இழுத்துவிடுங்கள். கோடு உடைந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது. மஞ்சள் பிளாஸ்டிக் அம்புகளும் கிடைக்கின்றன, அதே வேலைதான். நட்டுத் துளையில் இருந்து வெளிப்பக்கமாகத் துரு வழிந்த கோடுகள் தெரிந்தால், அங்கே ரிம் அசைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். முறிந்த ஸ்டட்டின் முகத்தையும் ஒருக்கால் உற்றுப் பாருங்கள். பெரும்பகுதி வழுவழுப்பாக, கரை கரையாக, பழைய துருவோடு இருந்து, ஓரத்தில் மட்டும் புதுக் கரடுமுரடு தெரிந்தால், அது அன்றைக்கு முறிந்தது அல்ல. பல நாளாக வெடித்து வந்து அன்றைக்கு மிச்சமும் போயிருக்கிறது. அப்படி ஒன்று முறிந்தால் இரண்டு பக்கத்து ஸ்டட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். அந்தச் சில்லில் இரண்டோ அதற்கு மேலோ முறிந்திருந்தால் எல்லாவற்றையும்.

ரென்ச் வாங்கியவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வேலை முடிந்ததும் பிடியைத் திருகி மிகக் குறைந்த அளவுக்குக் கொண்டு வந்து பெட்டிக்குள் வையுங்கள், உள்ளே இருக்கிற ஸ்பிரிங் அமுங்கியபடி கிடக்கக்கூடாது. யார் இரவல் கேட்டாலும் கொடுங்கள். கழற்றுவதற்கு என்றால் மட்டும் பைப்பைக் கொடுங்கள்.